ஏழாவது குடுவை

அவள் விரல் நுனி சிவந்திருந்தது. அதைத் துணியில் தேய்த்துத் தேய்த்துத் துடைப்பதைப் பேராசிரியர் கதவருகே நின்று பார்த்துவிட்டார்.

மூடியைத் திறந்தபோது பட்டுவிட்டது என்றாள் ஆராய்ச்சிப் பெண். அவர் நம்பவில்லை. புது மரபணு ஏற்றிய கிருமி, நொதியைச் சுரந்தால்தான் குடுவைத் தண்ணீர் சிவக்கும். மூன்று மாதமாக வெளுத்தே கிடந்த தண்ணீர், ஆராய்ச்சியை இழுத்து மூடப் போகிறார்கள் என்று தெரிந்த இந்த வாரத்தில், முந்தாநாள் திடீரென்று சிவந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அதனால் நேற்று அவள் புதிதாக ஏழு குடுவை வைத்ததும், அவர் ஒரு காரியம் செய்தார். ஏழாவதை எடுத்துவிட்டு, மரபணு ஏற்றாத வெறும் கிருமியை அதே எண் போட்டு வைத்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. அது எந்த ஜென்மத்திலும் சிவக்காது.

விடிந்து பார்த்தால் ஏழாவதும் சேர்ந்து சிவந்திருக்கிறது. போதாததற்கு ஆறிலும் ஏழிலும் தண்ணீர் மட்டம் வேறு இறங்கியிருந்தது. கை வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்.

"சாயம் ஊத்துறவளா இருந்தா, மூணு மாசம் எதுக்கு சார் காத்துக் கிடக்கணும்?"

"இத்தனை நாளா தைரியம் வரல போலிருக்கு."

குடுவை கழுவுகிறவரைக் கூப்பிட்டார். கூடக் கழுவிக்கொண்டிருந்தவரைக் கண்ணாடி உடைத்தார் என்று வேலையைவிட்டு அனுப்பியதிலிருந்து அங்கே அவர் ஒண்டி ஆள். நேற்று சாயந்தரம் இந்த அறைக்குள் வேறு யாராவது வந்தார்களா என்று பேராசிரியர் கேட்க, யாரும் வரவில்லை என்றார் வாளியைப் பார்த்தபடி.

பேராசிரியர் தாளை இழுத்துக் கடிதம் எழுத ஆரம்பித்தார். அது போய்ச் சேர்ந்தால், இங்கே மட்டுமில்லை, எந்த ஆய்வுக்கூடத்திலும் அவளை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் மேலங்கியைக் கழற்றி மடித்தாள். சாவியை அதன்மேல் வைத்தாள்.

கழுவுகிறவர் போகாமல் நின்றுகொண்டிருந்தார். இன்னும் என்னப்பா என்றார் பேராசிரியர், தலை நிமிராமல்.

"நேத்து சாயந்தரம் தொடைக்கறப்ப ஏழாவது கைதவறி உடைஞ்சிடுச்சு சார். பயந்துபோயி, வேற குடுவையில ஆறாவதுலருந்து பாதிய ஊத்தி வச்சிட்டேன்."

பேனா நின்றது.

"நான் ஊத்துறப்ப அது வெள்ளையாத்தான் சார் இருந்துச்சு."