சுவேதாவுக்குக் காய்ச்சல்

"சிஸ்டர், ரொம்ப வலிக்குமா?"

ஐந்தாம் வகுப்பு சுவேதா கண்களை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

"கண்ணத் தொறந்து என்னப் பாரு. நேத்து உங்க வூட்ல இன்னா கொழம்பு?" என்று கேட்டாள் பூவிழி.

"கொள்ளுக் கொழம்... ஐயோ!"

"அவ்ளோதான், முடிஞ்சுது."

பூவிழி பஞ்சை வைத்து அழுத்தினாள். அந்த மலைக்கிராமத்துச் சுகாதார நிலையத்துக்கு நர்ஸாக வந்து அவளுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட வந்தது இதுதான் முதல் தடவை.

எல்லோரும் போன பிறகும் சுவேதா மட்டும் மேசையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஏன் சிஸ்டர் நர்ஸுக்குப் படிச்சீங்க?"

பூவிழி மருந்துப் பெட்டியை மூடினாள். "எங்க ஊரு மலைக்கு அந்தாண்ட. என் வூட்டுக்காரரப் பாம்பு கடிச்சிடுச்சு. அங்க நர்ஸும் இல்ல, மருந்தும் இல்ல. கட்டில்ல வச்சுத் தூக்கினு எறங்கினோம். போளூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள போய்ட்டாரு."

"அப்பறம்?"

"பக்கத்துல ஒரு நர்ஸு இருந்திருந்தா பொழச்சிருப்பாரேன்னு அழுதுனே இருந்தேன். அப்பறம், நாமளே நர்ஸாயிடலாம்னு வேலூர் போய்ப் படிச்சேன்."

"இப்போ வூட்ல யாருமே இல்லியா?"

"தனியாத்தான் இருக்கேன்."

"பயமா இருக்காது?"

"பழகிடுச்சு."

சுவேதா மருந்துப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "நானும் பெரிசானா நர்ஸுதான் ஆவப்போறேன்."

"நர்ஸும் வாணாம், ஒண்ணும் வாணாம். வூட்டுக்கு நட!"

வாசலில் சுவேதாவின் அம்மா ஜெயம்மாள் நின்றிருந்தாள். கொல்லியில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே வந்திருக்க வேண்டும், காலெல்லாம் மண். மகளின் கையைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டுப் பூவிழியிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஊசி போடத்தான வந்தீங்க சிஸ்டர்? போட்டாச்சுன்னா அனுப்பிடணும். புள்ளகிட்ட கதை பேசறது எதுக்கு? வேற ஊருக்கு மாத்தல் கேக்கறேன்னு சொன்னீங்களே, இன்னா ஆச்சு?"

"கேட்டிருக்கேன்கா. கெடச்சதும் போய்டறேன்."

ஜெயம்மாள் மகளை இழுத்துக்கொண்டு நடந்தாள். உள்ளேயிருந்து ரேணுகாதேவி டீச்சர் வந்தார்.

"மனசுல வச்சுக்காதீங்க சிஸ்டர். ரொம்ப வருஷம் புள்ள இல்லாம இருந்து கெடச்ச ஒரே பொண்ணு. கைக்குழந்தையா தூக்கிட்டு இந்த ஊருக்கு வந்தவங்க. அது மேல ஒரு ஈ உக்காந்தாலும் தாங்காது அந்தம்மா."

"பரவால்ல டீச்சர். அவங்கமேல தப்பில்ல," என்றாள் பூவிழி.

நிலையத்தை ஒட்டிய ஒற்றை அறைதான் அவளுடைய வீடு. பொழுது சாய்ந்ததும், பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடும் குரல்கள் வீட்டுக்கு வீடு கேட்டன. பிறகு அடங்கின. பூவிழி வடித்த சோற்றில் பாதியைச் சாப்பிட்டு, மீதியில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். செல்போனை எடுத்துப் பார்த்தாள். டவர் இல்லை. இருந்தாலும் யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் ஜெயம்மாள் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"சிஸ்டர்! புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது. கண்ணே தொறக்க மாட்டேங்குது. இன்னா ஊசிய போட்டுத் தொலச்சீங்க?"

பூவிழி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் ஓடினாள்.

சுவேதா பாயில் சுருண்டு கிடந்தாள். பூவிழி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். ஊசி போட்ட இடத்தைத் தடவினாள். கழுத்தையும் மார்பையும் பார்த்தாள்.

"ஊசிக்கு வர்ற காய்ச்சல்தான்கா. சில புள்ளைங்களுக்கு வரும். பயப்படாதீங்க."

சொன்னாளே தவிர, மருந்தை ஊற்றியதும் மறுபடி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். துணியை நனைத்து உடம்பைத் துடைத்தாள். துணி சூடேறச் சூடேற மறுபடி நனைத்தாள். ஜெயம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் சுவேதாவின் நெற்றியில் வியர்வை பூத்தது.

"அம்மா..."

பூவிழி வாயைத் திறந்தாள். அதற்குள் ஜெயம்மாள் குனிந்துவிட்டாள். "இங்கதான் கீறேன் கண்ணு."

சுவேதா பாதிக் கண்ணைத் திறந்து பூவிழியைப் பார்த்தாள். "சிஸ்டர், போவாதீங்க," என்று அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே தூங்கிப்போனாள்.

பூவிழி வெகுநேரம் அசையவில்லை. பிறகு மெல்ல விரலை விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

"எழுந்ததும் கஞ்சி குடுங்க. மறுபடி காய்ச்சல் வந்தா சொல்லி அனுப்புங்க. நான் வர்றேன்கா."

வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டினாள்.

ஜெயம்மாள் தூங்கும் மகளைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். சட்டென்று வெளியே வந்து பூவிழியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"அவ கண்ணு முழிக்கறதுக்குள்ள கெளம்பிடணும் பூவிழி." பாயைக் காட்டினாள். "படிக்கப் போறப்போ என் மடியில போட்டுட்டுப் போன. அதுக்கப்பறம் நீ பெத்த பொண்ணுகூட நீ படுத்ததே இல்லியே... போ, கொஞ்ச நேரம் பக்கத்துல படுத்துக்கோ."