கறை பட்ட காசு

"அண்ணே, இந்தக் கறையை எப்படியாவது எடுத்துக் கொடுங்க. அத்தான் வேலையிலேருந்து வர்றதுக்குள்ள இதைத் திரும்ப ஆல்பத்துல வெச்சாகணும்."

பழங்காசுக் கடைக்காரர் அவள் நீட்டிய செப்புக் காசை விளிம்பில் பிடித்து வாங்கினார். வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்துக் காசு. கடல் தாண்டி இருந்துகொண்டே ஆண்ட ராணியின் கன்னத்தில், கரும்பச்சையாக ஒரு கட்டைவிரல் தடம்.

"யாரும்மா ராணியை அறைஞ்சது?"

அவள் சிரிக்கவில்லை.

"நான்தான். கல்யாணமாகி வந்த மறுவாரம் அலமாரியைத் துடைக்கிறப்போ இதைக் கையில எடுத்துட்டேன். வெடுக்குன்னு பிடுங்கிட்டார். அன்னைக்கு மூடின வாய்தான். ஏதாவது கேட்டா 'உம்'. இத்தனை காசு இருக்க, இந்த ஒண்ணை மட்டும் தினமும் லென்ஸ் வெச்சுப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கார். இது பழையபடி ஆகலைன்னா அந்த வீட்ல நான் வெறும் சமையல்காரிதான்."

"கழுவினா காசோட உயிரே போயிடும்மா. கறையில்லாத இதே காசு என்கிட்ட இன்னொண்ணு இருக்கு. உன் வீட்டுக்காரர் இதை இங்க கொண்டுவந்து காட்டினப்போ, மாத்திக்கங்கன்னு அவர்கிட்டயே சொன்னேன். மாட்டவே மாட்டேன்னுட்டார்."

"எப்போ சொன்னீங்க?"

"ஆச்சு, அஞ்சாறு வருஷம்."

அவள் திகைத்தாள். "எனக்குக் கல்யாணமாகியே மூணு மாசம்தானே!"

கடைக்காரர் காசை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார்.

"அப்போ இது உன் விரலே இல்லை. நேத்துத் தொட்டதெல்லாம் இப்படிச் செம்புக்குள்ள ஊறிப் போகாது. வீணா உன்னையே திட்டிக்கிட்டு இருந்திருக்கே!"

மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் சட்டென்று இறங்கியது. கூடவே கோபமும் வந்தது.

"அப்போ யார் பண்ணின தப்புக்கு என் மேல முகத்தைத் திருப்பிக்கிறார்?"

"நீயே பாரேன். ரேகைக்குக் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்புகூடத் தெரியுது."

லென்ஸை வாங்கிக் குனிந்தவள் நெடுநேரம் நிமிரவில்லை. கண்ணீர் காசின்மேல் விழாதபடி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா ஆச்சு? மாத்தித் தரட்டுமா?"

"வேண்டாம்ண்ணே. சின்ன வயசுல, கதவிடுக்குல சிக்க இருந்த என் கையைத் தள்ளிவிட்டு எங்க அக்கா வாங்கிக்கிட்ட தழும்பு இது. அவ செத்துப் போனப்புறம், அவ இடத்துக்குத்தான் அத்தானுக்கு என்னைக் கட்டி வெச்சாங்க... இனிமே அவர் பக்கத்துல உட்கார்ந்து நானும் பார்க்கணும்."