காம்பவுண்டு மேல் வனதேவதை

"எவன்டா இந்த வேலையைப் பண்ணினது?"

அரிகிருஷ்ணன் போட்ட சத்தத்தில் மனைவி காந்தா கரண்டியோடு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"பாரு! என் வனதேவதை நெத்தியில யாரோ குங்குமம் வச்சிருக்காங்க. பூ வேற!"

காந்தா அண்ணாந்து பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு?"

அரிகிருஷ்ணனுக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. கம்பெனி செய்வது வாஷ்பேசின். அவருக்குள் இருந்த கலைஞனுக்கு வாஷ்பேசின் போதவில்லை. மேனேஜரிடம் கேட்டு, சூளையில் ஓரமாக இடம் பிடித்து, தேவதைக் கதைகளில் வரும் காட்டைப் பீங்கானில் செய்ய ஆரம்பித்தார்.

முதலில் குடை பிடித்த நரி வந்தது. "கன்னுக்குட்டி அழகா இருக்குங்க" என்றாள் காந்தா.

மூன்று மாதம் உயிரைக் கொடுத்துச் செய்ததுதான் இந்த வனதேவதை. மரம்தான் உடம்பு, கிளைகள்தான் கூந்தல், தோளில் ஆந்தை, காலடியில் காளான் வீடு. சூளை கொஞ்சம் அதிகமாகக் காய்ந்ததில் மூக்கு உதடு வரைக்கும் இறங்கிவிட்டது. ஒரு கண் கன்னத்துக்குக் குடிபோய்விட்டது. பச்சைப் பூச்சு வழிந்து தாடியாக நின்றது.

'இதுவும் ஒரு பாணிதான்' என்று மனசைத் தேற்றிக்கொண்டு, பெருங்களத்தூர் வீட்டின் கேட் தூண் மேல் சிமென்ட் வைத்து நிறுத்திவிட்டார்.

தெருவே வந்து பார்த்தது. பார்த்துவிட்டுச் சிரித்தது.

"இன்னா சார், திருஷ்டி பொம்மையா?" என்றார் பால்காரர் துரைராஜ். "இதுக்கே மொதல்ல திருஷ்டி சுத்திப் போடணும் போல கீதே!"

ஒருநாள் செங்கல்பட்டு பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, பக்கத்திலேயே ஒருவர் இன்னொருவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். "நேராப் போ. தூண் மேல ஒரு பேய் குந்திகினு இருக்கும். அதுக்கு அடுத்த வூடு."

பேயின் தகப்பனார் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கடப்பாறையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"எடுத்தாச்சா?" என்றாள் காந்தா.

"சிமென்ட் கெட்டியாப் பிடிச்சிடுச்சு. கொத்தனாரைத்தான் கூப்பிடணும்."

மறுநாள் விடிந்தபோதுதான் இந்தக் குங்குமமும் பூவும்.

ஞாயிற்றுக்கிழமை, காலை டி.வி. தொடர் முடிந்து கொத்தனார் குப்புராஜ் வந்தார். தூணை அண்ணாந்து பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி மேல கை வெக்கிற வேலைக்கு என்னைக் கூப்டாத சார். நான் புள்ளகுட்டிக்காரன்."

அந்த வாரத்துக்குள் எல்லாமே மாறிவிட்டது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். துரைராஜ் சைக்கிளை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் பால் ஊற்றினார். காளான் வீட்டு வாசலில் யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

அரிகிருஷ்ணனுக்கு ரத்தம் கொதித்தது.

"கலைன்னா என்னன்னே தெரியாத ஜனங்க காந்தா! மூட நம்பிக்கை!"

"போன வாரம் பேய்னாங்க, இந்த வாரம் சாமிங்கறாங்க. பிரமோஷன்தானே? சும்மா இருங்களேன்."

கலைஞனால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? அடுத்த வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் குரோட்டன்ஸ் செடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். கொசு அவரைப் பதம் பார்த்தது.

கையில் பூவோடு வந்தது எதிர்வீட்டுக் கிளியம்மாள். அந்தத் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர்கள் வீட்டு வயல். இப்போது பாதி வீடுகள் அவர் வாடகைக்கு விட்டிருப்பவை.

அரிகிருஷ்ணன் செடியிலிருந்து பாய்ந்தார். "அக்கா! நீங்களா?"

கிளியம்மாள் பதறவில்லை. "வந்துட்டியா சார்? இந்தப் பூவ அந்தக் கிளைல மாட்டு. எனக்கு எட்டல."

பூவை வாங்கிக்கொண்டே அவர் பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

"இது சாமி இல்லக்கா. கலை! தேவதைக் கதையில காட்டைக் காவல் காக்கிற வனதேவதை. ஒரு கலைஞனோட கற்பனை. இதுக்குப் போய் பொட்டு வச்சு, பூ வச்சு... உங்களை மாதிரி பெரியவங்களே இப்படிக் கண்டதையும் கும்பிட்டா, மத்த ஜனங்க எப்பத்தான் திருந்தும்?"

கிளியம்மாள் முழுசும் கேட்டார்.

"சாமி இல்லேன்னு எனக்குத் தெரியாதா சார்? நீ இத்த வெச்ச அன்னிக்கு மொதல்ல சிரிச்சவளே நான்தான்."

"அப்புறம் எதுக்கு இதெல்லாம்?"

"போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் கடப்பாறைய எடுத்துகினு வந்தே. இடிக்கக் கை வரல. துண்டால அதும் மூஞ்சத் தொடச்சிட்டு, உன் கண்ணையும் தொடச்சிகினு உள்ள பூட்டே. மாடிலேர்ந்து பாத்துகினு இருந்தேன். மன்சு கேக்கல."

அரிகிருஷ்ணன் தூணை அண்ணாந்து பார்த்தார். பூ கையிலேயே இருந்தது.

கிளியம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"பொம்மைன்னா இந்தத் தெரு சிரிக்கும் சார். சாமின்னா ஒருத்தன் சிரிக்க மாட்டான். அதான் ஒரு பொட்டு வெச்சு வுட்டேன்."