எட்டாவது மாப்பிள்ளை

தோலில் படும் ஈரத்தை வைத்தே மழை வரும் நாளைச் சொல்லிவிடும் தவளை ஒன்று இருந்தது. குளமே அதன் பேச்சைக் கேட்கும். மழை வேண்டி மனிதர்கள் நடத்தும் தவளைக் கல்யாணம் வெறும் பொய் என்று, ஏழு கல்யாணங்களைக் கூடவே இருந்து கவனித்து நிரூபித்ததும் அதுதான்.

அந்தக் கோடையில் குளம் வற்றிக் கையளவு சேறானது. அதில் தவளையின் தலைப்பிரட்டைகள் வாய் பிளந்து கிடந்தன. ஊருக்குள் தவளைக் கல்யாண மேளம் கேட்டதும், தாவத் தெம்பில்லாத தவளை அந்தப் பக்கமாக ஊர்ந்தது.

"பொய்னு நிரூபிச்சதே நீங்கதானே அண்ணே?" என்றது குளக்கரையில் கிடந்த ஆமை.

"அந்த ஏழு மாப்பிள்ளைங்களும் மனசில்லாம உட்கார்ந்தவங்க. அதான் பெய்யல. நான் மனசோட உட்காருவேன்."

ஆமை சேற்றைப் பார்த்தது. பிறகு முதுகைத் தாழ்த்தியது.

"ஏறிக்குங்கண்ணே, முகூர்த்தம் தப்பிடப் போகுது."