ஆந்தைக் காசு

ஆந்தை மூன்றாவது மேசையில் இருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு கப்பல் காசுக்கும் ஒரு மன்னர் தலைக்கும் நடுவில், வட்டக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்கு அது கைவந்த கலை. பின்னால் பிள்ளைகள் எவ்வளவு கூத்தடித்தாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தவள் முகம் கல் மாதிரி இருக்க வேண்டும்.

முதலில் கப்பலை விசாரித்தாள். அப்புறம் மன்னரை. இரண்டையும் கையில் வாங்கி, விளிம்பைத் தடவிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்படியே அந்த ஆந்தையையும் எடுங்களேன், பார்ப்போம்" என்றாள், போகிற போக்கில் கேட்பது போல.

மேசைக்காரரைத் தொப்பிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நாணயக் கண்காட்சி எங்கே நடந்தாலும் அவர் கடை இருக்கும். வாங்க வந்தவர் மூச்சு விடுவதை வைத்தே விலை சொல்கிற ஆள்.

"கப்பலை வாங்க வந்தவங்க அதை இவ்வளவு சீக்கிரம் திருப்பிக் கொடுக்க மாட்டாங்கம்மா" என்று சிரித்தார். உடனே சிரிப்பு சுருங்கியது. "ஆனா உயரமானவர் போன்லயே சொல்லி வெச்சிட்டார். வந்துக்கிட்டே இருக்கார்."

அவள் ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள்.

உயரமானவருக்கும் அவளுக்கும் உள்ள போட்டி அந்த ஹாலில் கடை போடுகிற அத்தனை பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் சேர்ப்பது ஒரே வரிசை. ஆண்டுக்கொரு பறவை போட்டு வெளியான காசுகள். ஆந்தையை மட்டும் ஏனோ அச்சடிக்கத் தொடங்கிய வேகத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் அது கிடைப்பது குதிரைக் கொம்பு.

பாதி வரிசையோடு தொடங்கியவள் அவள். மற்றதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்து ஒவ்வொன்றாகப் பிடித்தாள். நாரைக்காக, கதவு திறக்கும் முன்னால் மழையில் நின்றிருக்கிறாள். மீன்கொத்தியை உயரமானவர் அவள் கண்ணெதிரிலேயே கொத்திக்கொண்டு போனார். அன்றைக்கு வேனுக்குள் உட்கார்ந்து வாய்விட்டுத் திட்டிவிட்டு, அடுத்த கண்காட்சியிலேயே அதைவிடத் தெளிவான மீன்கொத்தி ஒன்றைத் தேடிப் பிடித்தாள்.

இந்த ஆந்தையை விட்டால் இன்னொன்று கண்ணில் படுமா என்பதே சந்தேகம்.

"அவருக்குன்னா உள்ள எடுத்து வெச்சிருக்கணும். கண்ணாடிக்குள்ள வெச்சிட்டா, முதல்ல வந்து கேட்டவங்களுக்குத்தானே?" என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் மேசையில் ஊன்றிய கையையும் எடுக்கவில்லை.

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வாசலை ஒரு தடவை பார்த்தார். "நீங்க சொல்றதும் நியாயம்தான். அவர் கேட்டா நான் என்ன சொல்ல?"

"நானே சொல்லிக்கிறேன்."

சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். ஆந்தை அவள் உள்ளங்கைக்கு வந்தது. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

அப்போதுதான் உயரமானவர் உள்ளே வந்தார். எந்த மேசையிலும் நிற்காமல் நேராக மூன்றாவது மேசைக்கு வந்தவர், கப்பலுக்கும் மன்னருக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார்.

அவள் கையை மூடிக்கொள்ளவில்லை. நீட்டினாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார். குழல்விளக்கின் வெளிச்சத்தில் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். சிறகின் கோடுகள், காலின் நகங்கள், எதுவும் தேய்ந்திருக்கவில்லை. அவர் தோள் கொஞ்சம் தளர்ந்ததை அவள் கவனித்தாள்.

"இதோட முழுசாயிடுச்சா?"

"முழுசாயிடுச்சு."

அவர் காசை அவள் கையில் பத்திரமாக வைத்தார். பிறகு தொப்பிக்காரரிடம், அக்கம்பக்கத்து மேசைகளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "பறவை வரிசையை முழுசா வெச்சிருக்கிறவங்க இந்த ஹால்லயே இவங்க ஒருத்தர்தான். எனக்கே இன்னும் நாலு குறையுது."

ஆட்கள் எழுந்து வந்தார்கள். தபால்தலை விற்கிறவர் தன் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். ஒருவர் போனில் படம் எடுத்துக்கொண்டார். நாரையை எங்கே பிடித்தீர்கள், கழுகு எப்படி அமைந்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவள் கழுத்து தானாக நிமிர்ந்துகொண்டது. மழையில் நின்ற கதையைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை உயரமானவர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வேனின் முன்சீட்டில் மகள் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா நடந்து வந்த விதத்திலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கையை நீட்டி வாங்கி, ஆந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பாகிட்ட காட்டினியாம்மா?"

"காட்டினேன்."

"என்ன சொன்னார்?"

வக்கீல் அறையில், ஆந்தையும் மீன்கொத்தியும் இன்னும் சேராத ஆல்பத்தின் வளையத்தைத் திறந்து, உனக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று பறவைகளைப் பங்கு போட்ட நாள் அவளுக்கு நினைவு வந்தது. வீடு பிரிந்தபோதுகூட வாய் திறக்காத மனிதர், அப்போது மட்டும் ஒன்று சொன்னார்: "இனிமே இது யார்கிட்டயும் முழுசா இருக்கப்போறதில்ல."

அவள் சாவியைத் திருகினாள்.

"என்கிட்ட முழுசா இருக்குன்னு சொன்னார். எல்லாருக்கும் கேக்குற மாதிரி."