மூன்றாம் நாள் ராஜகிரி

“மூணாம் நாளு ராஜகிரி வேணாங்கய்யா. இந்த வெயில்ல ஏறினா கொரங்குங்களே நம்மளப் பார்த்துச் சிரிக்கும். அதுக்குப் பதிலா பனமலை கோயில் போட்டுக்கலாம். ஏரிக்காத்துல ஒக்காந்து கும்புட்டுட்டு வரலாம்” என்றாள் மணிமொழி.

அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த சுந்தரமூர்த்தி சிரிக்கவில்லை. நெஞ்சுவரை இறங்கியிருந்த தாடியைத் தடவிக்கொண்டார்.

“மொத நாளு கிருஷ்ணகிரி, ரெண்டாம் நாளு சந்திரகிரி, மூணாம் நாளு ராஜகிரி. இதுல ஒண்ணும் மாறக் கூடாதும்மா.”

எழுதிக்கொண்டிருந்த மணிமொழியின் பேனா நின்றது. செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்களை அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டுவதுதான் அவள் பிழைப்பு. யார் எந்த வழியில் ஏறினார்கள் என்பது அவளுக்கு மறக்காது.

போன தை மாசம் அனந்தபுரத்துப் பையன்கள் இரண்டு பேர், இதே மலைகளை இதே வரிசையில்தான் ஏறினார்கள். மூன்றாம் நாள் ராஜகிரியிலிருந்து ஒருத்தன் நடந்து இறங்கினான். எழில் என்கிற மற்றவனைப் போர்வையில் கட்டித் தூக்கி வந்தார்கள்.

அனந்தபுரத்துக்காரர் என்று இவர் சொன்னதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பெற்ற பிள்ளை விழுந்த இடத்தைத் தேடி வந்திருக்கிறார்.

“எத்தினி பேருங்கய்யா?”

“ரெண்டு பேரு. நான் ஏறிடுவேன். அவருக்கு மூட்டு வலி. மெதுவாத்தான் வருவாரு.”

துணைக்கு வரும் பங்காளியாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். “சுத்திப் பாக்கவா வர்றீங்க?” என்று மெல்லக் கேட்டாள்.

“எழில ஊட்டுக்குக் கூட்டிக்கினு போவணும்மா.”

அவளுக்கும் தெரிந்த வழக்கம்தான். விழுந்து செத்தவன் விழுந்த இடத்திலேயே நின்றுவிடுவான் என்பார்கள். வீட்டு மனிதர் அவன் போன வழியிலேயே போய், அவன் செத்த விதத்தைச் சொல்லி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு பிடி மண்ணை மடியில் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும்.

“அது அப்பவே செஞ்சாச்சின்னு கேள்விப்பட்டேனே?”

“செஞ்சாங்க. கால் வழுக்கி வுழுந்துட்டியே எழிலு, வாடான்னு கூப்புட்டாங்க. வரல.” அவர் குரல் இறங்கியது. “வெளக்கு வெச்சாப் போதும், வாசக்கதவு தெறக்குற சத்தம் கேக்குதுன்னு அவங்கம்மா எழுந்து ஓடுது. போயிப் பார்த்தா யாருமில்ல. நானும் ஒருநாள் நின்னு கேட்டேம்மா. சத்தம் கேக்கத்தான் செய்யிது.”

ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி, வெயிலில் கறுத்து நின்றது. மணிமொழி அந்தப் பக்கம் பார்க்காமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

“கூட வந்த பையன் இப்ப எப்புடிங்க இருக்கான்? அன்னிக்கு கீழ் வாசல்ல பார்த்தேன். செத்தவனோட ஒத்தச் செருப்ப மடியில வெச்சிக்கினு, அழக்கூடச் செய்யாம குந்திருந்தான், பாவம்.”

சுந்தரமூர்த்தியின் கையிலிருந்த டீ தளும்பி வேட்டியில் கொட்டியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

“தூங்குறதில்ல. கண்ண மூடினா, எழிலு கால்மாட்டுல வந்து நிக்கிறான்னு கத்துறான். லைட்ட அணைக்க வுடுறதில்ல. சோத்தப் பெசஞ்சி வாயில வெச்சாக்கூட, அவன் சாப்ட்டானான்னு கேக்குறான்.”

“சாமி! சின்னப் புள்ளைக்கு இன்னா தலையெழுத்து.”

“செத்த விதத்தத் தப்பாச் சொல்லிக் கூப்புட்டா எப்புடிம்மா வருவான்? சரியாச் சொல்லிக் கூப்புடணும்.” அவர் மேசையில் கை ஊன்றி அவள் பக்கம் குனிந்தார். “எழிலு வுழுந்த பாறைகிட்ட போனதும் நீ கொஞ்சம் தள்ளி நில்லு. நாங்க ரெண்டு பேரு மட்டும் இருக்கணும்.”

இதற்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். பேனாவை வீசிப் போட்டாள்.

“முடியாதுங்கய்யா. வேற ஆளப் பாருங்க.”

“ஏம்மா?”

“ஏன்னு உங்களுக்கே தெரியும். புள்ள போன பாறையில நின்னா அப்பனுக்கு உசுரு தங்குமா? நீங்க பாட்டுக்கு ஒரு எட்டு முன்னாடி வெச்சிட்டீங்கன்னா, ஊட்டுல இருக்கறவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்? மூட்டு வலிக்காரரு ஓடி வந்து புடிப்பாரா?”

“நான் குதிக்க வரலம்மா.” “அவரு கூப்புடறதுக்கு முன்னாடி நான் அவர்கிட்ட ஒண்ணு சொல்லியாவணும். ஊர்ல வெச்சி எத்தினியோ தடவ வாயத் தெறந்துட்டேன். வரல. அங்க போனா வந்துடும். கேட்டுட்டு அவரு என்ன இன்னா செஞ்சாலும் நீ குறுக்க வரக் கூடாது.”

மணிமொழிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அவரு எதுக்குக் கூப்புடணும்? பெத்த அப்பன் இல்ல கூப்புடணும்?”

“அவருதாம்மா எழிலோட நைனா.”

அவள் அந்தத் தாடியையும் ஈர வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்போ… நீங்க?”

“அவனத் தள்ளிவுட்டவனோட நைனா.”