பதினேழாம் நம்பர் எஞ்சின்

"கண்காட்சிக்கு வந்தும் கையில போனா? இந்த மனுஷனைத் திருத்தவே முடியாது!"

பல் டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குட்டி ரயில் சங்கத்தின் தலைவர் அவர்தான். வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற கண்காட்சி. நூலகக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மேஜைகளை ஒட்டிப் போட்டு, மலை, சுரங்கம், பாலம், ஸ்டேஷன் என்று ஓர் ஊரையே விரித்து வைத்திருந்தார்கள். மலை டாக்டரின் கைவண்ணம். பல் அச்சு எடுக்கிற மாவிலேயே கட்டியது. மற்றபடி சிப், ரிமோட் சமாச்சாரமெல்லாம் அவருக்குச் சுத்தமாக வராது.

சங்கத்து ஆட்கள் எல்லாரும் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருக்க, ஏ.சி. மெக்கானிக் மட்டும் கடைக்கோடி மூலையில், சுவரோடு சுவராக நின்று போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அதே இடம், அதே குனிந்த தலை.

மேஜைக்கு முன்னால் நின்று அமர்க்களப்படுத்திக்கொண்டிருந்தவர் கண்டக்டர். பஸ்ஸில் முப்பது வருஷம் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். கையில் ரிமோட். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சிப், அதற்கு ஒரு நம்பர். நம்பரைத் தட்டிவிட்டுக் குமிழைத் திருப்பினால் அந்த எஞ்சின் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கும்.

"வாங்கம்மா, வாங்க! பதினேழாம் நம்பர் கிளம்புது! படியில தொங்காதீங்க... ரைட், ரைட்!"

நீல எஞ்சின் ஆறு பெட்டிகளை இழுத்துக்கொண்டு பூப்போல நகர்ந்தது. பாலத்தில் தானாக வேகம் குறைந்தது. பிளாட்பாரத்தை ஒட்டி அலுங்காமல் நின்றது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

'அறுபத்தஞ்சு வயசுல அவர் அப்படி மாடா உழைக்கிறார். நாற்பது வயசுக்காரன் இங்கே சுவருக்கு முட்டுக் கொடுத்துட்டு நிக்கிறான்!'

டாக்டர் விறுவிறுவென்று மூலைக்குப் போனார்.

"என்ன சார், வேடிக்கை பார்க்க வந்தீங்களா? அங்கே ஒருத்தர் தொண்டை கிழியக் கத்திட்டிருக்கார்."

"அ... அது வந்து, டாக்டர்..."

"வந்தும் வேணாம், போயும் வேணாம். கண்காட்சி முடியற வரைக்கும் இது என்கிட்டயே இருக்கட்டும்."

வெடுக்கென்று போனைப் பிடுங்கிக் கோட் பையில் போட்டுக்கொண்டார்.

மெக்கானிக்கின் முகம் வெளுத்தது. "ஐயோ, இப்ப வேணாம் டாக்டர்! வண்டி மறுபடி கிளம்பிடுச்சு!"

"கிளம்பட்டுமே. நீங்களா ஓட்டறீங்க?"

அதற்குள் கண்டக்டரின் குரல் கேட்டது. "இதோ, ஸ்டேஷன்ல நிக்கும் பாருங்க!"

நிற்கவில்லை. பிளாட்பாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"எக்ஸ்பிரஸ் வண்டிங்க! கண்ட இடத்துல நிக்காது!" என்று சமாளித்த கண்டக்டர், குமிழை இப்படியும் அப்படியும் முறுக்கினார். ம்ஹூம்.

நீல வண்டி ஸ்டேஷனில் நிற்கும் என்ற தைரியத்தில், சங்கச் செயலாளர் சரக்கு ரயிலைச் சுரங்கத்துக்கு அப்பால் அதே தண்டவாளத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

"மோதிடும் டாக்டர்! ரெண்டு வருஷ உழைப்பு! போனைக் குடுங்க!"

மெக்கானிக் போட்ட கத்தலில் டாக்டரின் கை தானாகவே பைக்குள் போய்ப் போனை எடுத்து நீட்டியது. மெக்கானிக்கின் கட்டைவிரல் திரையில் ஒரு இழு இழுத்தது. சரக்கு ரயிலுக்கு ஒரு சாண் இருக்கும்போது நீல எஞ்சின் நின்றது.

டாக்டர் வாயைப் பிளந்தார். "அப்போ... காலையிலேருந்து ஓட்டினது..."

"மெதுவா, டாக்டர்! ரிமோட்ல செய்யறதையெல்லாம் போன்லயும் செய்யலாம். அவருக்குக் கண்ணு சரியா தெரியலை. பட்டனை மாத்தி மாத்தி அழுத்திடறேன்னு ஒருநாள் என்கிட்ட வருத்தப்பட்டார். அதான் அவர் எஞ்சினை நான் ஓட்டறேன். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்."

டாக்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மெக்கானிக்கின் தோளைத் தட்டிவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீரோடு கண்டக்டரிடம் போனார்.

"களைச்சுப் போயிட்டீங்க. கொஞ்சம் உட்காருங்க. ரிமோட்டை நான் பிடிச்சுக்கறேன்."

வாங்கியவருக்கு ஏதோ உதைத்தது. காற்றுப் போல லேசாக இருந்தது ரிமோட். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி.

"என்ன சார், பேட்டரியே இல்லை?"

கண்டக்டர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு டாக்டரின் காதருகே குனிந்தார்.

"நான்தான் கழட்டி வீட்ல வச்சிருக்கேன். ஒரே வண்டிய ரெண்டு பேர் ஓட்டினா உருப்படுமா?"

"அப்போ... அவர் ஓட்டறது உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லா கேட்டீங்க! அவன் விரல்ல இருக்கற நிதானம் நம்ம சங்கத்துல எவனுக்கும் கிடையாது, டாக்டர். ஆனா நாலு பேர் பார்த்தா போதும், நாக்கு ஒட்டிக்கும், கை உதறும். போன வருஷக் கண்காட்சியில பாதியில ஓடினவன், இனிமே சங்கத்துப் பக்கமே வரமாட்டேன்னுட்டான். அதான் கண்ணு மங்கிப்போச்சு, பட்டனை மாத்தி அழுத்திடறேன்னு அவன்கிட்ட ஒரு புளுகு விட்டேன். அடுத்த வாரமே வந்து நின்னான். கூட்டத்தைப் பார்த்துக் கத்தறது எனக்குக் கஷ்டமா என்ன?"

டாக்டர் ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "அப்போ உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லையா?"

"எனக்கென்ன கேடு? அதோ, அந்தக் கோடி மூலையில அவன் சிரிக்கறது வரைக்கும் பளிச்சுன்னு தெரியுது!"